பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது, இனி யார் சொல்வதை நம்புவது?

கேள்வி இது: “அம்மாவுக்கு மார்பில் கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அடுத்த வாரம் புற்றுநோய் மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். அதற்குள் இணையத்தில் தேடித் தேடித் தலை சுற்றுகிறது. ஊசி குத்தியதால்தான் பரவும் என்கிறார் ஒரு சொந்தக்காரர். கீமோவே வேண்டாம், மூலிகையில் குணமாகும் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது? அம்மாவிடம் எவ்வளவு சொல்வது? எங்களுக்கு யார் துணை?”

உங்களைத் தூங்கவிடாத கேள்வி எது என்று எனக்குத் தெரியும். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஊசி குத்திச் சதை எடுத்ததால் அம்மாவுக்கு நோய் பரவிவிடாது. மார்பகக் கட்டிக்கு ஊசி பயாப்ஸிதான் உலகம் முழுக்க உள்ள வழக்கமான முறை. ஆண்களின் விரை, கல்லீரல் போன்ற சில இடங்களில் மட்டும் ஊசி போன பாதையில் செல்கள் தங்க அரிதாக வாய்ப்பு உண்டு. அது மருத்துவர்களுக்குத் தெரியும், அதற்கேற்ப யோசித்துத்தான் செய்வார்கள். நீங்கள் செய்தது சரியான காரியம். பயாப்ஸி எடுக்காமலே மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால்தான் பயப்பட வேண்டும்.

நான் மருத்துவர் இல்லை. பதினோரு வருடங்களுக்கு முன்னால் என் அக்காவுக்கு சினைப்பைப் புற்றுநோய் என்று சொன்ன அன்று, நானும் உங்களைப் போலவே விடிய விடியத் தேடினேன். ஐந்து வருடம் அக்காவோடு மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். அதற்கப்புறம், புதிதாக நோய் தெரிந்து வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து ரிப்போர்ட்டைப் படிக்கவும், மருத்துவரிடம் கேட்க வேண்டியதை எழுதவும் உதவி செய்துவருகிறேன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியது உங்கள் மருத்துவரும் அம்மாவும். மருத்துவர் சொல்வதைப் புரிந்துகொள்வதற்கும் மற்றவர்கள் சொல்வதைச் சலித்துப் பார்ப்பதற்கும் என்னால் கொஞ்சம் உதவ முடியும்.

நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களுக்குப் புற்றுநோய் என்ற ஒரே பெயரை வைத்திருக்கிறோம். மார்பகப் புற்றுநோய்க்குள்ளேயே பல வகை. ஒருவருக்கு உயிர் காத்த மருந்து இன்னொருவருக்குத் துளியும் பயன்படாது, அதுவும் இரண்டு பேருக்கும் ஒரே உறுப்பில் நோய் இருக்கும்போதே. அதனால் எந்தத் தகவல் வந்தாலும், “இது உண்மையா?” என்று ஆராய்வதற்கு முன்னால், “இது அம்மாவைப் பற்றியதா?” என்று கேளுங்கள். பாதிக்கு மேல் அந்த இடத்திலேயே கழன்றுவிடும்.

அப்படிக் கேட்க வேண்டுமென்றால் அம்மாவின் நோய் என்ன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது இணையத்தில் இல்லை, உங்கள் கையில் இருக்கும் அந்த ரிப்போர்ட்டில் இருக்கிறது. எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் எந்த வகை என்று எழுதியிருப்பார்கள். அப்புறம் கிரேடு. இதில்தான் பெரும்பாலானவர்கள் பதறிப்போகிறார்கள். போன வருடம் ஒரு மகன் ரிப்போர்ட்டோடு வந்து உட்கார்ந்தார். “கிரேடு 3” என்ற வரியின் கீழே சிவப்பு மையில் நாலைந்து கோடு போட்டிருந்தார், தாள் கிழிகிற அளவுக்கு. மூன்றாம் ஸ்டேஜ் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஒரு வாரம் தனியாகத் தவித்திருக்கிறார். அவர் அம்மாவின் கட்டி ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம், அக்குளில் நெறி, அதாவது நிணநீர்க் கணு, எதிலும் நோய் இல்லை. அது முதல் ஸ்டேஜ். கிரேடு என்பது மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைச் சொல்வது. மார்பகப் புற்றுநோயில் மூன்று அம்சங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். கூட்டினால் 3 முதல் 5 வரை வந்தால் கிரேடு 1, 6 அல்லது 7 என்றால் 2, 8 அல்லது 9 என்றால் 3. ஸ்டேஜ் என்பது வேறு. கட்டி எவ்வளவு பெரிது, நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருக்கிறதா, தூரத்து உறுப்புகளுக்குப் போயிருக்கிறதா என்ற மூன்றையும் வைத்துச் சொல்வது அது. டி, என், எம் என்று மூன்று எழுத்துகளோடு எண்கள் போட்டிருப்பது இதைத்தான். பயாப்ஸி ரிப்போர்ட்டில் மட்டும் ஸ்டேஜ் முழுதாகத் தெரியாது. ஸ்கேனோ அறுவை சிகிச்சையோ முடிந்த பிறகுதான் உறுதியாகும். ஆகவே இன்றைக்கு யாராவது “எந்த ஸ்டேஜ்?” என்று கேட்டால், “இன்னும் சொல்லவில்லை” என்பதுதான் நேர்மையான பதில். அதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

அடுத்தது மூன்று பெயர்கள்: ஈஆர், பிஆர், ஹெர்2. முதல் இரண்டும் கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள், மூன்றாவது செல்லைப் பெருகத் தூண்டும் ஒரு புரதம். சில சமயம் இந்த முடிவுகள் சில நாள் கழித்துத் தனித் தாளில் வரும். வரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் சிகிச்சையின் பாதையே இவற்றில்தான் பிரிகிறது. ஈஆர், பிஆர் பாசிட்டிவ் என்றால் அந்தக் கட்டி ஹார்மோனைத் தின்று வளர்கிறது, அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்க மாத்திரை இருக்கிறது, அதை 5 முதல் 10 வருடம் வரை எடுக்க வேண்டியிருக்கும். ஹெர்2 முடிவு 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்று வந்தால் முடிவு இன்னும் தொங்கலில் இருக்கிறது என்று பொருள், ஃபிஷ் போன்ற இன்னொரு பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும். ஒரு காலத்தில் ஹெர்2 பாசிட்டிவ் என்றால் மருத்துவர்களின் முகமே மாறும். 1998இல் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு அந்த நிலை தலைகீழாக மாறியது. இன்று அதைக் குறிவைத்துத் தாக்கும் மருந்துகள் பல இருக்கின்றன. மூன்றுமே நெகட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரை, ஹெர்2 மருந்து இரண்டும் பொதுவாகப் பயன்படாது, கீமோவுக்குத்தான் முக்கிய இடம்.

“நெகட்டிவ்” என்ற சொல்லைப் பார்த்து மகிழவும் வேண்டாம், அழவும் வேண்டாம். நிணநீர்க் கணு நெகட்டிவ் என்றால் நல்ல செய்தி. அறுவை சிகிச்சைக்குப் பின் வெட்டிய ஓரம் நெகட்டிவ் என்றால் அதுவும் நல்ல செய்தி, ஓரத்தில் கட்டி மிச்சமில்லை என்று பொருள். ஈஆர் நெகட்டிவ் என்றால் ஒரு வகை மருந்து உதவாது என்று பொருள். ரிப்போர்ட்டை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படிப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு பாருங்கள், “எங்கள் தெருவில் ஒருவருக்குக் கீமோ இல்லாமலே சரியாகிவிட்டது” என்ற கதை எப்படித் தெரிகிறது? அது உண்மையாகவே இருக்கலாம். ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், கணுக்களில் நோய் இல்லாத பெண்களில் பலருக்குக் கீமோவால் கூடுதல் பயன் இல்லை என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஒரு பெரிய ஆய்வு 2018இல் காட்டியது. கட்டியின் 21 ஜீன்களைப் பரிசோதித்து அதை முடிவு செய்கிறார்கள். அந்தப் பெண்மணியின் கதை பொய் இல்லை, அது அம்மாவின் கதையா என்பதுதான் தெரியாது. என் அக்காவின் கதையையும் இப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வந்தது வேறு நோய், அது போன வழியை வைத்து உங்கள் அம்மாவுக்கு எதையும் கணிக்க முடியாது.

அவசரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் வந்த மறுநாளே அறுவை சிகிச்சை நடந்தாக வேண்டும் என்ற பதற்றம் எல்லோருக்கும் வரும். பெரும்பாலான மார்பகக் கட்டிகள் கையில் தட்டுப்படும் முன்பே நீண்ட காலமாக வளர்ந்துகொண்டிருந்தவை. பரிசோதனைகளை முடிக்கவும் இன்னொரு மருத்துவரைக் கேட்கவும் ஓரிரு வாரம் எடுப்பதால் பொதுவாக ஒன்றும் கெட்டுவிடாது. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. எல்லா நோய்க்கும் இது பொருந்தாது. தீவிர ரத்தப் புற்றுநோயில் ஒவ்வொரு நாளும் கணக்கு. எந்த நோயாளியாக இருந்தாலும் திடீரென்று முதுகுவலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது என்று வந்தால் தண்டுவடம் நசுங்குகிறதோ என்று பார்க்க அன்றே ஓட வேண்டும். உங்கள் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: “எங்களுக்கு எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது?”

செகண்ட் ஒப்பீனியன் கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று நினைக்க வேண்டாம். இந்தத் துறையில் அது சாதாரணம். போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. அம்மாவிடமிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்துச் சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள். அதுதான் மெழுகு பிளாக். அதையும், அதிலிருந்து சீவி எடுத்த கண்ணாடி ஸ்லைடுகளையும் எழுதிக் கேட்டு வாங்கலாம். இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவர் அவற்றைப் புதிதாகப் பார்ப்பதுதான் முழுமையான இரண்டாவது கருத்து. இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் மனசு உறுதிப்படும். வேறு வேறாகச் சொன்னால், “அவர் இப்படிச் சொல்கிறார், ஏன் வேறுபடுகிறது?” என்று கேளுங்கள். காரணம் சொல்பவரை நம்பலாம்.

மார்பை முழுதாக எடுக்க வேண்டுமா, கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா என்பதும் அம்மாவின் முன்னால் வரக்கூடிய கேள்வி. முழுதாக எடுத்தால்தான் உயிருக்கு உத்தரவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். 1851 பெண்களை 20 வருடம் பின்தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வு, கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தவர்களும் முழு மார்பை எடுத்தவர்களும் ஒரே அளவு காலம் வாழ்ந்ததைக் காட்டியது. எல்லாக் கட்டிக்கும் இது முடியாது. முடியுமா என்று கேட்கிற உரிமை அம்மாவுக்கு உண்டு.

சரி, இணையத்துக்கு வருவோம். தேடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், தேடாமல் இருக்க யாராலும் முடியாது. போகிற வாசலை மட்டும் மாற்றுங்கள். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1937இல் தொடங்கியது. ஒவ்வொரு வகை நோய்க்கும் நோயாளிகளுக்கு ஒன்று, மருத்துவர்களுக்கு ஒன்று என இரண்டு நடையில் தகவல் எழுதி, அவ்வப்போது நிபுணர் குழு வைத்துத் திருத்திக்கொண்டே இருக்கிறது. நான் அதிகம் திறப்பது அதைத்தான். பிரிட்டனின் கேன்சர் ரிசர்ச் யூகே, மேக்மில்லன் ஆகிய இரண்டும் எளிய ஆங்கிலத்தில் எழுதுகின்றன. மேக்மில்லனில் வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கென்றே நிறைய இருக்கிறது. மூலிகை, சத்து மாத்திரை பற்றிச் சந்தேகம் வந்தால் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆராய்ந்து வைத்திருக்கும் பட்டியலில் பாருங்கள், எந்த மருந்தோடு மோதும் என்பதுவரை சொல்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பவர்களும் இப்போது அதிகம். ரிப்போர்ட்டில் இருக்கும் சொல்லுக்குப் பொருள் தெரிந்துகொள்ள அது உதவும். தவறையும் அதே உறுதியோடு சொல்லும் என்பதால், மருந்தைப் பற்றி அது சொன்னதை மருத்துவரிடம் காட்டாமல் நம்ப வேண்டாம்.

இந்த வாசல்களுக்கு வெளியே எதையாவது படிக்கும்போது, எந்த வகை நோய், எந்த ஸ்டேஜ் என்று சொல்கிறதா என்று பாருங்கள். பக்கவிளைவைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா, எழுதியவரே அதை விற்கிறாரா என்றும் பாருங்கள். “எல்லாப் புற்றுநோய்க்கும்” என்ற இரண்டு சொல் கண்ணில் பட்டால் அங்கேயே மூடிவிடலாம்.

“ஆய்வில் நிரூபிக்கப்பட்டது” என்ற சொல்லுக்குள்ளும் பல படிகள் இருக்கின்றன. தட்டில் வளர்த்த செல்களைக் கொல்ல அடர்த்தியான உப்புக் கரைசலே போதும். எலியில் வேலை செய்தவற்றில் பெரும்பாலானவை மனிதரிடம் வேலை செய்வதில்லை. மனிதரிடம் முதல் கட்டச் சோதனை முக்கியமாகப் பாதுகாப்பையும் அளவையும் பார்ப்பது. ஏற்கெனவே உள்ள சிகிச்சையோடு நேருக்கு நேர் வைத்து ஒப்பிடும் மூன்றாம் கட்டம்தான் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்வது. அது ஏன் இத்தனை முக்கியம் என்று நினைக்கிறீர்களா? 1990களில் மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவு கீமோ கொடுத்து, பிறகு ரத்தத்தை உருவாக்கும் செல்களைத் திரும்பச் செலுத்தும் சிகிச்சை பெரிய நம்பிக்கையாக இருந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், மருத்துவர்களும் நம்பினார்கள். 1999இல் ஒப்பீட்டு ஆய்வுகளின் முடிவுகள் வந்தபோது, வழக்கமான சிகிச்சையைவிட அது உயிரை நீட்டவில்லை என்று தெரிந்தது. பலன் இருப்பதாகச் சொன்ன ஒரே ஆய்வில் மோசடி நடந்திருந்தது 2000இல் அம்பலமானது. நல்ல மனசும் வெள்ளைக் கோட்டும் இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்காமல் எதுவும் தெரியாது என்பதை நான் இதிலிருந்துதான் கற்றேன்.

மூலிகைக்கு இதே அளவுகோல்தான். வைத்தியத்தை வெறுத்து இதைச் சொல்லவில்லை. இன்றைய கீமோ மருந்துகளில் சில செடியிலிருந்து வந்தவையே. என் அக்காவுக்குக் கொடுத்த பாக்ளிடாக்சல் ஒரு மரப்பட்டையில் கண்டுபிடித்தது. அது செடியிலிருந்து வந்ததால் யாரும் கொடுக்கவில்லை, சோதனையில் தேறியதால் கொடுக்கிறார்கள். தேறாதவையும் உண்டு. கசப்புப் பாதாம், ஏப்ரிகாட் போன்றவற்றின் கொட்டைகளில் உள்ள பொருளிலிருந்து செய்த லேட்ரைல் என்ற மருந்தை ஆயிரக்கணக்கானவர்கள் நம்பிய காலம் இருந்தது. 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1982இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் குணமாகவில்லை, சிலருக்கு ரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியது. வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை, சிகிச்சை எடுத்த 560 பேரோடு ஒப்பிட்டார்கள், 2018இல் அச்சில் வந்த ஆய்வு அது. முதல் குழுவில் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோய் இருந்தவர்களிடம் ஐந்து மடங்குக்கும் மேல். அவர்கள் எல்லோருமே நோய் தூரத்து உறுப்புகளுக்குப் பரவாத நிலையில் இருந்தவர்கள், அதாவது பலர் குணமாகியிருக்கக் கூடியவர்கள். எனக்கு இதைச் சொல்லும்போது இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

மூலிகை சொன்ன சொந்தக்காரரோடு சண்டை போட வேண்டாம். அவருக்கும் பயம், ஏதாவது செய்யத் துடிக்கிறார். “டாக்டரிடம் காட்டிக் கேட்கிறேன்” என்று வாங்கி வையுங்கள். உண்மையிலேயே காட்டுங்கள். அம்மா ரகசியமாக எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஈரல் பரிசோதனை ஏறிக் கீமோ தள்ளிப்போகலாம், காரணம் புரியாமல் மருத்துவர் திண்டாடுவார். மூச்சுப் பயிற்சி, நடை, மனசுக்குப் பிடித்த பாட்டு இவற்றுக்கெல்லாம் தடையே இல்லை. கீமோ நாட்களின் அசதிக்கு மிதமான நடை உதவுவதாக ஆய்வுகளே சொல்கின்றன.

சர்க்கரை பற்றியும் உங்களுக்கு வீடியோ வந்திருக்கும். பெட் ஸ்கேனில் கட்டி சர்க்கரை போன்ற பொருளை உறிஞ்சி ஒளிர்வது உண்மை. அதனால் சாப்பாட்டைக் குறைத்தால் கட்டி பட்டினியில் சாகும் என்பது உண்மை இல்லை. உடம்பின் எல்லாச் செல்லுக்கும் குளுக்கோஸ் வேண்டும், நோயாளி மெலிந்தால் சிகிச்சையைத் தாங்கும் சக்திதான் போகும். சொல்லப்போனால் பெட் ஸ்கேனில் ஒளிர்வதெல்லாம் புற்றுநோயும் இல்லை, கிருமித்தொற்றும் வீக்கமும்கூட ஒளிரும்.

இனி எண்கள். “ஐந்து வருடம் உயிரோடு இருப்பவர்கள் இத்தனை சதவீதம்” என்பதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்கு எப்போதும் சில வருடங்களுக்கு முன்பு நோய் கண்டவர்களுடையது, அன்றைய மருந்துகளோடு. ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற உயிரியல் அறிஞருக்கு 1982இல் வயிற்றுப் பகுதியில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் வந்தது. சராசரி ஆயுள் எட்டு மாதம் என்று படித்தார். அது நடுப்புள்ளி, பாதிப் பேர் அதைத் தாண்டுகிறார்கள், அதில் சிலர் வெகுதூரம் போகிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டார். இன்னும் 20 வருடம் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. நூறு பேரைப் பற்றிய எண் அம்மாவின் தேதியைச் சொல்லாது. எண் தெரிந்தாக வேண்டும் என்றால் ஸ்டேஜும் மற்ற முடிவுகளும் வந்த பிறகு மருத்துவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்று இருப்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு.

மருத்துவரைப் பார்க்கும்போது இரண்டு பேர் போங்கள், நோட்டு ஒன்று எடுத்துப் போங்கள். மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிகளுக்கு அறையை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு அது பாடமாக நடந்தது. அக்காவுக்கு இரண்டாவது கீமோ முடிந்து பத்தாவது நாள் இரவு, உடம்பு கொதித்தது. வெப்பமானியில் 38.4. இரவில் எங்கே போவது, காலையில் பார்க்கலாம் என்று காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன். காலையில் அவளுக்கு எழுந்து உட்காரக்கூட முடியவில்லை, கண்கள் எங்கோ பார்த்தன. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள். கீமோவுக்குப் பிறகு 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும், அப்போது வரும் காய்ச்சல் உயிர் போகிற அவசரம். மருத்துவர் இதை முதல் நாளே எங்களிடம் சொல்லியிருந்தார். எனக்கு மறந்திருந்தது. அக்கா பிழைத்தாள், ஆனால் அந்த இரவை நான் இன்னும் மறக்கவில்லை. அம்மாவுக்குக் கீமோ தொடங்கினால், 38 டிகிரி, அதாவது ஃபாரன்ஹீட்டில் 100.4 தொட்டால், மணி என்னவாக இருந்தாலும் மருத்துவமனைக்குக் கூப்பிட வேண்டும். கேட்காமல் காய்ச்சல் மாத்திரை கொடுக்கக் கூடாது, அது காய்ச்சலை மறைத்துவிடும். முதல் சந்திப்பிலேயே இரவில் கூப்பிட வேண்டிய எண்ணை வாங்கி வெப்பமானியின் உறையிலேயே ஒட்டிவையுங்கள்.

அம்மாவிடம் எவ்வளவு சொல்வது என்று கேட்டீர்கள். நோயின் பெயரையே மறைத்துவிடும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அன்பால்தான் செய்கிறார்கள். ஆனால் நோயாளிக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். கதவு சாத்திய அறைக்குள் குசுகுசுப்பும், அவர் வந்ததும் நின்றுபோகும் பேச்சும் போதும் புரிந்துகொள்ள. பிறகு அவர் தன் பயத்தை உங்களிடம் மறைப்பார், நீங்கள் அவரிடம் மறைப்பீர்கள், ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக அழ வேண்டியதுதான். மோசமான செய்தியைச் சொல்ல மருத்துவர்களுக்குக் கற்பிக்கும் ஸ்பைக்ஸ் என்ற முறையில், சொல்வதற்கு முன்னால் இரண்டு விஷயம் கேட்கச் சொல்கிறார்கள்: நோயாளிக்கு இதுவரை என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார். வீட்டிலும் அதையே செய்யலாம். “அம்மா, டாக்டர் என்ன நினைச்சு இந்த டெஸ்ட் எடுத்தார்னு உனக்குத் தோணுது?” அவர் பதிலைக் கேட்டுவிட்டு, “ரிப்போர்ட்டில் இருக்கறதை எல்லாம் நீயே தெரிஞ்சுக்கணுமா, நான் கேட்டு வைக்கட்டுமா?” என்று கேளுங்கள். சிலர் எல்லாம் வேண்டும் என்பார்கள். சிலர், “நீ பார்த்துக்கோ, என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு” என்பார்கள். இரண்டும் சரிதான், அடுத்த மாதம் அது மாறவும் மாறலாம். கேட்டதற்குப் பொய் மட்டும் சொல்லாதீர்கள். மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்க வேண்டியவர் அம்மா, அதற்கு அவருடைய நம்பிக்கை வேண்டும்.

துணை பற்றி. “தைரியமா இரு, நல்லதையே நினை, அப்பத்தான் குணமாகும்” என்று அம்மாவிடம் எல்லோரும் சொல்வார்கள். இதை மட்டும் கொஞ்சம் தடுத்து நிறுத்துங்கள். தலை, கழுத்துப் புற்றுநோய் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த ஆய்வில், மனநிலைக்கும் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதற்கும் தொடர்பு தென்படவில்லை. அழுதால் நோய் வளராது. அம்மா அழலாம். அப்படியானால் துணைக் குழுக்களால் என்ன பயன்? 1989இல், நோய் பரவிய மார்பகப் புற்றுநோய் இருந்த 86 பெண்களிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. வாரம் ஒருமுறை கூடிப் பேசிய குழுவினர் ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் வாழ்ந்ததாகத் தெரிந்தது. உலகமே பரபரத்தது. 2001இல் 235 பெண்களிடம் செய்த பெரிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை. முதல் ஆய்வைச் செய்த குழுவே 2007இல் திரும்பிப் பார்த்தபோதும் ஒட்டுமொத்தமாகக் கூடவில்லை. ஆனால் 2001 ஆய்வில் ஒன்று நின்றது: குழுவில் இருந்தவர்களில் அதிகமாகத் துயரப்பட்டவர்களுக்கு மனவேதனை குறைந்தது, வலியும் குறைந்தது. எனக்கு அது போதுமான காரணமாகவே படுகிறது. முடி கொட்டிய முதல் வாரம் எப்படி இருந்தது என்று அதைக் கடந்துவந்த ஒரு பெண் சொல்லும்போது அம்மாவின் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள். மருத்துவமனையில் சமூகப் பணியாளரோ ஆலோசகரோ இருந்தால் அவரிடம் இப்படிப்பட்ட குழு இருக்கிறதா என்று கேளுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்கிற, எதையாவது விற்கிற குழுவிலிருந்து மட்டும் அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள்.

“எது வேணும்னாலும் சொல்லுங்க” என்பவர்களிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை வண்டி எடுத்து வருபவர் ஒருவர், சொந்தக்காரர்களுக்கு நிலவரம் சொல்பவர் ஒருவர். பத்து பேருக்குத் தனித்தனியாக ஒரே கதையைச் சொல்வதுதான் உங்களை அதிகம் உறிஞ்சும். நீங்கள் வாரத்தில் இரண்டு இரவாவது முழுதாகத் தூங்க வேண்டும்.

அப்புறம், பேலியேட்டிவ் கேர், அதாவது வலி நிவாரணப் பிரிவுக்கு அம்மாவை என்றாவது அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நோய் பரவிய நுரையீரல் புற்றுநோய் இருந்த 151 பேரிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே அந்தப் பிரிவின் கவனிப்பும் கிடைத்தவர்கள் வாழ்ந்த நடுப்புள்ளி 11.6 மாதம், கிடைக்காதவர்களுக்கு 8.9. மனச்சோர்வும் குறைவாக இருந்தது. அக்காவுக்கு நாங்கள் அதைத் தாமதமாகத்தான் கேட்டோம். கேட்ட பிறகு வந்த நான்கு மாதங்களில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். வலி இருந்தவரை அவளால் கையைத் தூக்கவே முடிந்ததில்லை.

அடுத்த வாரத்துக்கு நோட்டின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: என்ன வகை, ஈஆர், பிஆர், ஹெர்2 முடிவு வந்துவிட்டதா, ஸ்டேஜை உறுதிசெய்ய இன்னும் என்ன பரிசோதனை, சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா கட்டுப்படுத்துவதா, வேறு வழி உண்டா, எவ்வளவு அவகாசம், இரவில் யாரைக் கூப்பிடுவது. அதற்கு மேலே நாலு வரி காலியாக விட்டு நோட்டையும் பேனாவையும் அம்மாவிடம் கொடுங்கள். அவர் என்ன எழுதுகிறாரோ அதை மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.